செயலாளர் ஆண்டறிக்கை: இளையோர் கூடைப்பந்துப் பயிற்சி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு, பொதுக்குழு உறுப்பினர்களே, பயிற்சியாளர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இந்த அறிக்கை, ஆண்டு முழுவதும் நாம் கையிலெடுத்த ஒரே வேலையைப் பற்றியது. பந்து கைக்கு வந்ததும் அடுத்து என்ன செய்வது என்பதைப் பிள்ளைகளே பார்த்து முடிவெடுக்கப் பழக்குவதுதான் அந்த வேலை.

கோன்களைச் சுற்றி டிரிபிள் செய்யும், அதாவது பந்தைத் தரையில் தட்டியபடி நகரும் பயிற்சியை வார்ம்-அப் அளவுக்குச் சுருக்கினோம். கோன் நகராது, கை நீட்டாது, எந்தக் காலில் எடை வைத்து நிற்கிறது என்று காட்டாது. அதைத் தாண்டித் தாண்டிக் கை பழகுகிறது, கண் பழகுவதில்லை. 90 நிமிட வகுப்பில் இப்போது வார்ம்-அப்புக்கு 10 நிமிடம், ஷாட்டுக்கும் பந்து கையாளுதலுக்கும் 15, சிறு ஆட்டங்களுக்கு 50, முழுக்கள ஆட்டத்துக்கு 15. சிறு ஆட்டம் எதுவானாலும் எதிரே உயிருள்ள ஒரு தடுப்பவர் நிற்க வேண்டும் என்பதே விதி.

முதலில் இருவருக்கு ஒருவர். நடுக்கோட்டிலிருந்து இருவர் பந்தோடு வருவார்கள், ரிங் அருகே ஒருவர் தடுப்பார். பந்து வைத்திருப்பவர் ரிங்கை நோக்கி வேகமாகப் போக வேண்டும். தடுப்பவரின் நெஞ்சு தன் பக்கம் திரும்பினால் பாஸ், திரும்பாவிட்டால் லே-அப், அதாவது ரிங் அருகே எம்பிப் பந்தை உள்ளே இடுவது. கேட்க எளிது. ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் தடுப்பவர் இன்னும் முடிவெடுக்காத நிலையிலேயே பாஸ் கொடுத்துவிடுகிறார்கள். அப்போது அவர் பந்தின் பின்னாலேயே நகர்ந்து இரண்டாமவரையும் மறித்துவிடுகிறார். அடுத்த தவறு இடைவெளி. இருவரும் 2 மீட்டர் தள்ளி ஓடினால் ஒரே ஆள் இருவரையும் காத்துவிடலாம், 5 மீட்டர் தேவை. மூன்றாவது, காற்றில் எம்பிய பிறகு ஆள் தேடுவது. கால் தரையில் இல்லாதபோது மனம் மாறினால் திரும்ப வழியில்லை. பயிற்சியாளர் ஆட்டக்காரர்களுக்குப் பின்னால் நின்று, தடுப்பவருக்கு மட்டும் தெரியும்படி ‘பந்தை மறி’ அல்லது ‘பாஸைக் காத்து நில்’ என்று கைச்சைகை காட்டுகிறார். விடை ஒவ்வொரு முறையும் மாறுவதால் மனப்பாடம் உதவாது, பார்த்தே ஆக வேண்டும்.

அடுத்து, ஓடி வருபவரைப் படிப்பது. ரிங்குக்குக் கீழிருந்து தடுப்பவர் பக்கவாட்டில் நிற்பவருக்குப் பாஸ் கொடுத்துவிட்டு, அவரைக் காக்க ஓடி வருவார். கை நீட்டினால் தொடும் தூரத்துக்கு வராமலே நின்றுவிட்டால் ஷாட். பாய்ந்து வந்தால், முன்னே வைத்த கால் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் டிரைவ், அதாவது பந்தைத் தட்டியபடி ரிங்கை நோக்கிப் பாய்வது. பின்வாங்க அவர் இடுப்பையே திருப்ப வேண்டும், அந்த ஒரு கணம் நமக்குப் போதும். டிரிபிள் இரண்டுக்கு மேல் கூடாது. பந்தைப் பிடித்ததும் யோசிக்காமல் ஒரு முறை தரையில் தட்டும் பழக்கம்தான் இங்கே பெரிய இடைஞ்சல். அந்த ஒரு தட்டுக்குள் தடுப்பவர் நிலைக்கு வந்துவிடுவார்.

இது பழகியதும் மூவருக்கு மூவர், அரைக்களத்தில், ஷாட் எடுக்க 12 நொடிக் கெடுவோடு. இங்கே டிரைவ் செய்பவர் தன்னைக் காப்பவரைப் பார்க்க வேண்டியதில்லை, அவரைத் தோளில் உணரலாம். பார்க்க வேண்டியது அவருக்கு உதவ வரும் அடுத்த தடுப்பவரை. அவர் எந்த மூலையை விட்டு வந்தாரோ அங்கேதான் நம் ஆள் தனியாக நிற்கிறார். பந்து இல்லாதவரின் கடமையும் இதில் உண்டு. உதவிக்கு வந்தவரின் முதுகுக்குப் பின்னால் மறைந்து நிற்காமல், பந்துக்கும் தன் முகத்துக்கும் நடுவே யாரும் வராத இடத்துக்கு ஓரடி நகர வேண்டும். தவறிய பாஸ்களுக்குக் கொடுத்தவரையே குறை சொல்வது நியாயமில்லை.

நேரக் கணக்கும் முடிவின் ஒரு பகுதிதான். பந்து கிடைத்த 24 நொடிக்குள் ஷாட் எடுக்க வேண்டிய ஆட்டத்தில் இளையோர் முதல் பாஸிலேயே அவசரப்படுவார்கள், இல்லாவிட்டால் கடைசி 5 நொடியில் தடுமாறுவார்கள். எனவே கடிகாரத்தை 14-இலும் 7-இலும் வைத்துத் தொடங்கினோம். தாக்கும் அணி ரிங்கில் பட்டுத் திரும்பிய பந்தை மீண்டும் எடுத்தால் கிடைப்பது 14 நொடி. 7 நொடியில் ஒரு டிரைவ், ஒரு பாஸ், ஒரு ஷாட்டுக்கு மேல் இடமில்லை.

சரிவராதவையும் பதிவாக வேண்டும். ‘டிரிபிள் கூடாது’ என்ற கட்டுப்பாட்டை நீட்டித்தபோது, போட்டியிலும் பிள்ளைகள் டிரைவ் செய்யத் தயங்கினார்கள். இப்போது எந்தக் கட்டுப்பாடும் 5 நிமிடத்தோடு முடிகிறது. விசில் ஊதி ஆட்டத்தை அடிக்கடி உறையவைத்ததும் தவறு, ஓட்டத்தில் பார்க்கும் திறனை அது வளர்க்கவில்லை.

12 வயதுக்குட்பட்டோருக்கு சிறிய 5-ஆம் எண் பந்தும் 2.60 மீட்டர் உயர ரிங்கும் பொருத்தம். பந்து கனத்தால் கண் பந்தின் மேலேயே இருக்கும், களம் தெரியாது. இந்த வயதில் ஜோன் தடுப்பையும், அதாவது ஆளைக் காக்காமல் ஆளுக்கொரு பகுதியைக் காப்பதையும், நிறுத்தியிருக்கிறோம். ஐவரும் ரிங்கடியில் கூடி நின்றால், தூரப் பாஸுக்கு வலுவில்லாத பிள்ளைக்கு எடுக்க முடிவே இல்லாமல் போகிறது.

போட்டியில் பந்து ஆட்டத்தில் இருக்கும்போது ‘பாஸ் கொடு’, ‘ஷூட் பண்ணு’ என்று பெஞ்சிலிருந்து குரல் கொடுப்பதில்லை என்று பயிற்சியாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். குரல் காதில் விழுவதற்குள் அந்த இடைவெளி அடைபட்டிருக்கும், பிள்ளையின் கண்ணும் களத்தை விட்டு நம் பக்கம் திரும்பும். ஆட்டம் நின்றபின் ‘ஏன் அப்படிச் செய்தாய்?’ என்று கேட்பதும் இல்லை, அது திட்டாகவே கேட்கும். ‘என்ன பார்த்தாய்?’ என்று கேட்டால் பதில் வருகிறது. பந்தை இழந்த உடனே ஆளை வெளியே அழைப்பதையும் தவிர்க்க வேண்டும். அப்படி அழைக்கப்பட்ட பிள்ளை அடுத்த முறை பந்தை அருகில் நிற்பவரிடம் தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

மதிப்பெண் தாளில் புள்ளியோடு பிள்ளை எடுத்த முடிவையும் தனியே குறிக்கிறோம். தனியாக நின்று எறிந்து தவறிய ஷாட் ‘சரி’. இருவர் மறிக்க நிலைதடுமாறி எறிந்து விழுந்த ஷாட் ‘தவறு’. ‘தனியாக’ என்றால் கையெட்டும் தூரத்தில் தடுப்பவர் இல்லை என்று எழுதிவைத்த பிறகே குறிப்பவர்களுக்குள் கருத்து வேற்றுமை குறைந்தது.

வரும் ஆண்டுக்காகப் பொதுக்குழுவின் முன் மூன்று கோரிக்கைகள்: உயரம் மாற்றக்கூடிய ரிங் வாங்க அனுமதி, பெஞ்சுக்கான அமைதி விதியைப் பார்வையாளர் பகுதியில் அமரும் பெற்றோருக்கும் நீட்டிப்பது, முடிவுத் தாள் எழுத அணிக்கு இரண்டு தன்னார்வலர்கள். இவற்றை அங்கீகரிக்குமாறு கேட்டு அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்