செல்வாவுக்கு, யூகான் வாங்கும் முன்

ப்ளேனோ, டெக்ஸாஸ்

அன்புள்ள செல்வா,

தீபாவளி வாழ்த்துக்கே நீ இன்னும் பதில் போடவில்லை என்று இங்கே எனக்குத் தினமும் திட்டு விழுகிறது. எல்லாரும் நலம். அம்மாவின் முட்டி ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. சின்னவள் பரதத்தை விட்டுவிட்டு டிரம்ஸ் அடிக்கிறாள்; பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் போலீஸைக் கூப்பிடவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று நீ அனுப்பிய அந்த ஜிஎம்சி யூகான் டெனாலி (பெரிய எஸ்யூவி, அதில் உயர்ந்த ரகம்) விளம்பரத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. 2021 மாடல், 6.2 லிட்டர் இன்ஜின், புது வண்டியின் விலையில் பாதி. உன் அப்பா அம்மா ஜூனில் வருகிறார்கள், அதற்குள் எடுத்துவிட வேண்டும் என்கிறாய். மெஸ் மாமாவின் பைக்கையும் இப்படித்தான் ‘பாதி விலைடா’ என்று சொல்லி எங்கள் தலையில் கட்டினாய்.

வண்டி பழசாகும்போது அதன் விலை இறங்கும். அதற்குள் இருக்கிற சாமானின் விலை இறங்காதுடா. டெனாலியில் இருப்பது காந்த சஸ்பென்ஷன், ரோட்டுக்கு ஏற்பத் தானே விறைப்பை மாற்றிக்கொள்கிற ரகம். அதில் ஒரு ஷாக் அப்சார்பர் போனால் டீலரிடம் மாற்ற ஆயிரம் டாலர் வரைக்கும் கேட்பார்கள். 22 அங்குல டயர் நான்கும் தேய்ந்திருந்தால் இன்னொரு ஆயிரத்துக்கு மேல். நீ பாதி விலை கொடுத்து வாங்கினாய் என்பதற்காக யாரும் பாதிக் கூலிக்கு வேலை செய்யப்போவதில்லை.

இதெல்லாம் சில்லறை. இன்ஜின்தான் எனக்குப் பயம். 2025 ஏப்ரலில் யூகானைத் தயாரிக்கிற ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) அமெரிக்காவில் ஏறக்குறைய 6 லட்சம் வண்டிகளை ரீகால் செய்தது, அதாவது குறையைச் சரிசெய்யத் திரும்ப அழைத்தது, உனக்குத் தெரியுமா? 2021 முதல் 2024 வரை இதே 6.2 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின் வைத்து வந்தவை: டாஹோ, சபர்பன், யூகான், எஸ்கலேட், கூடவே பிக்கப்களும். இன்ஜினுக்குள் இயங்குகிற கனெக்டிங் ராடிலோ கிராங்க்ஷாஃப்டிலோ தயாரிப்புக் குறை இருக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் இறுகி நின்றுவிடும். டீலர் சோதித்துப் பார்ப்பார். தேறாவிட்டால் சரிசெய்வார்கள் அல்லது இன்ஜினையே மாற்றுவார்கள். தேறினால் 0 டபிள்யூ 20 ஆயிலுக்குப் பதில் கெட்டியான 0 டபிள்யூ 40 ஊற்றி அனுப்பிவிடுவார்கள். ஆயிலை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. கிண்டல் வேண்டாம், யோசித்துப் பார். பைபாஸ் ஆன உன் அப்பா பின்னால் உட்கார்ந்திருக்கிறார், ஹைவேயில் லாரிகளுக்கு நடுவே வண்டி செத்து நிற்கிறது.

அப்படியென்றால் 5.3 லிட்டர் இன்ஜின் உள்ள யூகானை எடுக்கிறேன் என்பாய். அதில் வேறு தலைவலி. பெட்ரோல் மிச்சம் பிடிக்க, பாரம் குறைவாக இருக்கும்போது சில சிலிண்டர்களை வேலை செய்யாமல் நிறுத்தி வைக்கிற ஏற்பாடு அந்த வி8களில் இருக்கிறது (6.2-லும் உண்டு). அதற்கான லிஃப்டர் (வால்வைத் தள்ளித் திறக்கிற சின்ன பாகம்) ஒன்று சிக்கிக்கொண்டால் டிக் டிக் என்று சத்தம் வரும். கவனிக்காமல் ஓட்டினால் வால்வுகளை இயக்குகிற கேம்ஷாஃப்டையும் தின்றுவிடும். ஒரு சின்ன லிஃப்டருக்காக சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டும். வெளி மெக்கானிக்கே சில ஆயிரம் டாலர் கேட்பார்.

ஃபோர்டு எக்ஸ்பெடிஷன் பக்கமும் போய்ப் பார்த்தேன். 2018 முதல் வந்த 3.5 லிட்டர் டர்போவில், காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடகடவென்று சத்தம் வந்தால் அது கேம் ஃபேசர், அதாவது வால்வு திறக்கும் நேரத்தை மாற்றுகிற பாகம், போய்விட்டது என்று அர்த்தம். பழைய டொயோட்டா செக்வோயா, 2022-ல் நிறுத்தினார்களே, 5.7 லிட்டர் வி8, அதுதான் எனக்குப் பிடித்தது. தண்ணீர் பம்ப் கசியும், புகையைச் சுத்தப்படுத்துகிற ஏர் இன்ஜெக்‌ஷன் பம்ப் போகும்; ஆனால் இன்ஜின் கெட்டி. நகரத்துக்குள் காலனுக்கு 13 மைல்தான் கொடுக்கும். யானையைக் கட்டித் தீனி போடுவது என்று முடிவு செய்த பிறகு அதற்கெல்லாம் அழக்கூடாது.

என் வண்டிக் கதை தெரியுமா? போன ஆகஸ்டில் பின் ஏசி அவுட். வண்டிக்கு அடியில் பின்பக்கம் வரை ஓடுகிற குழாய் கசிந்துவிட்டது. டீலர் சொன்ன தொகையைக் கேட்டு வீட்டம்மா, ‘இதற்கு ஒரு தடவை ஊருக்கே போய் வந்துவிடலாமே’ என்றாள். கடைசியில் கார்லாண்டில் ஒரு மெக்சிகோக்காரர் பாதிக்கும் குறைவாக முடித்துக் கொடுத்தார். அதனால் பார்க்கப் போகும்போது பின் ஏசியை முழு வேகத்தில் வைத்துப் பார். வண்டியைச் சூடாக்கி வைக்காதே என்று விற்பவனிடம் முன்னாடியே சொல்லிவிடு. ஆறிக் கிடக்கும் இன்ஜினின் முதல் சத்தத்தைக் கேட்டால்தான் உண்மை தெரியும்.

அப்புறம் லோன். 84 மாதம் என்று எழுதியிருந்தாய். ஜிஎம் இன்ஜின், கியர்பாக்ஸுக்குக் கொடுக்கும் வாரண்டி 5 வருஷம் அல்லது 60,000 மைல்தான், அதுவும் வண்டியை முதலில் விற்ற நாளிலிருந்தே கணக்கு. மீதி வருஷமெல்லாம் தவணையும் நீ கட்டணும், ரிப்பேரும் நீ பார்க்கணும். உங்கள் ஆபீஸில் ஆள் குறைக்கிறார்கள் என்று நீதானே சொன்னாய்?

மினிவேன் என்றால் உனக்குக் கௌரவக் குறைச்சல், தெரியும். ஆனால் உன் அம்மாவைக் கேள். தாழ்ந்த தரை, தள்ளுகிற கதவு. அந்த யூகானில் ஏற அவர்களுக்கு ஸ்டூல் போட வேண்டியிருக்கும்.

எதுவானாலும் கையெழுத்துப் போடும் முன் வின் நம்பரை (அந்த வண்டியின் அடையாள எண்) எனக்கு அனுப்பு. ரீகால் வேலை பாக்கி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். பாக்கி இருந்தால் காசு வாங்காமல் செய்து கொடுக்க வேண்டும், நீ இரண்டாவது ஓனர் என்றாலும். வெளி மெக்கானிக் ஒருவரிடம் முந்நூறு டாலர் கொடுத்தாவது ஒரு தடவை காட்டிவிடு. அதற்கு விற்பவன் மறுத்தால் வேறு வண்டி பார்.

அன்புடன்,
மணி