செண்பகத்துக்கு, ஆபீஸ் லைன் பற்றி

அன்புள்ள செண்பகம்,

உன் கடிதம் கிடைத்தது. தம்பி மகளுக்கு வேலை கிடைத்ததை அம்மாவிடம் சொன்னேன், கண் கலங்கிவிட்டது அவளுக்கு. உன் மாமியாருக்கு முழங்கால் வலி தேவலையா?

சரி, நீ கேட்ட விஷயம். வீட்டில் 100 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 100 மெகாபிட், இன்டர்நெட் லைன் இருந்தும் ஆபீஸ் ஃபைல் திறக்க நேரமாகிறது, 300 பிளானுக்கு மாறப் போகிறேன் என்கிறாய். கொஞ்சம் பொறு. போன வருடம் நானும் அப்படித்தான் மாறினேன். மாதாமாதம் கூடுதலாகக் கட்டியும் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை.

நீ வீட்டிலிருந்து ஃபைலை இழுக்கும்போது ஆபீஸ் லைன் அதை வெளியே அனுப்ப வேண்டும். அதனால் அங்கே அப்லோடு வேகம் எவ்வளவு என்பதுதான் கணக்கு. எங்கள் கோவை காந்திபுரம் ஆபீஸில் அப்போது பழைய டெலிபோன் கம்பி வழியாக வந்த பிராட்பேண்ட். அப்லோடு 1 எம்பிபிஎஸ்தான். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட், ஆகவே 60 எம்பி (மெகாபைட்) எக்செல் ஃபைல் வந்து சேர 480 நொடி. பொள்ளாச்சியில் உட்கார்ந்து பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டே பாப்பாவுக்கு இரட்டைப் பின்னல் போட்டு முடித்துவிடுவேன். ஆபீஸில் ஃபைபர் போட்டு, இரண்டு பக்கமும் 50 எம்பிபிஎஸ் வந்த பிறகு அதே ஃபைல் பத்து நொடியில் திறந்தது.

ஆனால் கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேர் மட்டும் அப்போதும் இழுத்தது. அது டேட்டாவைத் துண்டு துண்டாகக் கேட்டுக் கேட்டு வாங்குகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் கோவை போய்த் திரும்ப வேண்டும். அகலமான லைன் இருந்தாலும் இந்தப் போக்குவரத்து நேரம் குறையாது. இதற்கு அதிகச் செலவில்லாத வழி, ஃபைலை இங்கே கொண்டுவராமல் ஆபீஸ் கம்ப்யூட்டரின் திரையை மட்டும் கொண்டுவருவது. ரிமோட் டெஸ்க்டாப்பில் டேலி அங்கேயே ஓடும், படமும் நாம் தட்டும் எழுத்தும் மட்டும் பயணிக்கும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸ் புரோ இருக்க வேண்டும். ஹோம் என்றால் குரோம் ரிமோட் டெஸ்க்டாப் போடலாம்.

ஒன்றை மட்டும் செய்யாதே. ஆபீஸ் ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப் போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து அதற்குள் வரும் வாசலை, நேராகத் திறந்துவிடாதே. பாஸ்வேர்டை ஊகித்துக்கொண்டே இருப்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். வயர்கார்டு மாதிரி இலவச விபிஎன், அதாவது பூட்டிய தனிப்பாதை, வழியாகப் போ. அதற்கு ஆபீஸ் லைனுக்கு வெளியிலிருந்து எட்டக்கூடிய ஐபி, அதாவது இன்டர்நெட் முகவரி, வேண்டும். பல ஃபைபர் லைன்களில் ஒரே ஐபியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். ஸ்டாட்டிக் ஐபி என்கிற மாறாத தனி முகவரிக்குத் தனிக் கட்டணம், கேட்டுப் பார்.

அப்புறம், எங்கள் வீட்டுச் சுவர் உனக்குத் தெரியுமே, வைஃபை கூடத்தைத் தாண்டாது. 15 மீட்டர் லேன் கேபிளை வாசற்படி ஓரமாக ஓட்டி மேசைக்கு இழுத்தேன். அன்றோடு திரை திக்குவது நின்றது.

திங்கள்கிழமை ஆபீஸுக்குப் போனதும் ஸ்பீட் டெஸ்ட் போட்டு, அப்லோடு எண்ணை எனக்கு எழுது. அதுவரை பிளானை மாற்றாதே. சித்திரைத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு மதுரை வருகிறோம். ஒரு நாள் உன் வீட்டில்தான் சாப்பாடு.

அன்புடன்,
வசந்தா