கன்மேன் கையில் எந்தத் துப்பாக்கி? வேலைக்கு வைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வங்கிக் கிளைகளையும் நகைக்கடன் அலுவலகங்களையும் நடத்தும் மேலாளர்களுக்கும், அவர்களுக்கு ஆள் அனுப்பும் செக்யூரிட்டி ஏஜென்சி உரிமையாளர்களுக்கும்,

வணக்கம்.

"சொந்தத் துப்பாக்கியும் லைசென்சும் உள்ளவர்கள் தேவை" என்று விளம்பரம் கொடுக்கிறீர்கள். கோளாறு அந்த ஒரு வரியிலேயே தொடங்கிவிடுகிறது. ஆள் வரும்போதே துப்பாக்கியும் கூட வந்துவிடுவதால், அந்த ஆயுதம் உங்கள் கிளைக்கு, உங்கள் வேனுக்கு ஒத்துவருமா என்று யாரும் பார்ப்பதில்லை. அரூரிலோ பாலக்கோட்டிலோ தோட்டங்காவலுக்கென்று என்றைக்கோ வாங்கிய 30 அங்குலக் குழல் டபுள் பேரல் (இரட்டைக்குழல் துப்பாக்கி), ஓசூரில் ஏ.சி. அறைக் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் சாய்ந்து நிற்கிறது. பெல்ட்டில் பச்சை பூத்த பித்தளையோடு நாலு தோட்டா. அதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் வரிசையில் நிற்கும் வாடிக்கையாளர்கள் மட்டும்தான்.

இதை எழுதும் நாங்கள் ராணுவத்தில் ஆயுதங்களைப் பராமரித்து, ஓய்வுக்குப் பின் இந்த இரண்டு மாவட்டங்களிலும் கன்மேன் வேலையையும் அதற்கான பயிற்சியையும் பார்க்கிறவர்கள். கேட்பது இதுதான்: ஆளை முதலில் தேர்ந்தெடுங்கள். துப்பாக்கியை அவர் நிற்கப்போகும் இடத்தைப் பார்த்து நீங்கள் தேர்ந்தெடுங்கள், நிறுவனத்தின் பெயரில் வாங்குங்கள். நிறுவனப் பெயரில் லைசென்ஸ் எடுத்து, காவலரை ரிடெய்னராக (லைசென்ஸ்தாரருக்காகத் துப்பாக்கியை ஏந்துபவராக) அதில் சேர்க்க வழி இருக்கிறது. பல வங்கிகள் அப்படித்தான் செய்கின்றன. செலவைப் பார்த்துத் தயங்குகிறவர்கள், பயிர்ப் பாதுகாப்புக்கென்று வாங்கிய லைசென்சை வைத்துக்கொண்டு ஒருவர் சம்பளத்துக்குக் காவல் நிற்பது லைசென்ஸ் நிபந்தனையை மீறுவது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 30 அதற்கென்றே இருக்கிறது. மாட்டுவது அந்த ஏழைக் காவலர்தான், நீங்கள் இல்லை. அதனால்தான் இவ்வளவு நாள் இது யாருக்கும் உறுத்தவில்லை என்பது எங்கள் எண்ணம்.

எது வாங்குவது? 9 எம்.எம். பிஸ்டல் தடை செய்யப்பட்ட போர் (bore, குழலின் உள்ளளவு), அந்தப் பேச்சை விட்டுவிடலாம். சட்டப்படி கிடைப்பவற்றில் காவலுக்குப் புழங்குபவை மூன்று வகை: .315 ரைபிள், .32 கைத்துப்பாக்கி, ரவைத் தோட்டா போடும் 12 போர்.

.315 ரைபிளைக் கடைத்தெருவிலும் வேனிலும் வைக்கவே கூடாது. அதன் குண்டு ஹாலோ பிளாக் சுவரைத் துளைத்துக்கொண்டு அடுத்த கடைக்குள் போகும். குறி தவறினால் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் உயிரை எடுக்கும். கிருஷ்ணகிரி பஜாரிலோ தருமபுரி நான்கு ரோட்டிலோ எந்தத் திசையில் சுட்டாலும் பின்னால் மனிதர்கள்தான். "ரைபிள் என்றால் ஒரு கெத்து" என்று அதைக் கேட்கும் மேலாளர்கள் இருக்கிறார்கள். கெத்துக்கு ஆசைப்பட்டு வாங்கும் பொருள் இல்லை இது.

.32 கைத்துப்பாக்கிக்கு ஒரே ஒரு நல்ல குணம், இடுப்பில் அடங்குவது. ஆர்ட்னன்ஸ் தொழிற்சாலை ரிவால்வரில் ஆறு தோட்டா. 2014இல் வந்த நிர்பீக் என்ற ரிவால்வர் அரை கிலோவை ஒட்டிய எடைதான். எடை குறைவு என்பது கையில் வைத்துப் பார்க்கச் சுகமாக இருக்கும், சுடும்போது கையில் துள்ளும். சுத்தியலைப் பின்னுக்கு இழுக்காமல் டிரிகரை மட்டும் இழுத்துச் சுடும்போது விரலுக்கு வேண்டிய பலம் பல மடங்கு. பழக்கமில்லாதவர் இழுக்கிற இழுப்பில் குழல் கீழே சாயும், ஐந்து மீட்டரிலேயே குண்டு இடுப்புக்குக் கீழே போகும். தோட்டாவின் வேகமும் குறைவு, ஒரு குண்டில் ஆள் நின்றுவிடுவான் என்று எண்ணக் கூடாது. எனவே வேனிலிருந்து இறங்கிப் பெட்டியோடு ஏ.டி.எம். வரை நடக்கும் கஸ்டோடியனுக்கு (பணப் பொறுப்பாளருக்கு) பக்கத்தில் போகிறவருக்கும், இரண்டாவது ஆயுதமாகவும் மட்டும் .32 சரி. உறை டிரிகரை முழுதாக மூட வேண்டும், இடுப்பில் சுடும் கைப்பக்கம் இருக்க வேண்டும். பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வருகிறவரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

மிச்சம் 12 போர். கிளைக்கும் வேனுக்கும் இதுதான் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. குழலின் நீளத்தில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். 30 அங்குலக் குழலும் கட்டையும் சேர்ந்தால் ஏறக்குறைய நாலடி. அதை மடியில் வைத்துக்கொண்டு வேனின் முன் சீட்டில் உட்காரவும் முடியாது, கதவைத் திறந்த வேகத்தில் திருப்பவும் முடியாது. முனை டிரைவர் பக்கமோ கூரைப் பக்கமோ நிற்கும். 20 அங்குலத்துக்குக் குறையாத, 24ஐத் தாண்டாத குழலும், முன்கட்டையை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் அமைப்பும் உள்ள பம்ப் ஆக்‌ஷன் வேனுக்குப் பொருத்தம். திருச்சி ஆர்ட்னன்ஸ் தொழிற்சாலையின் பம்ப் ஆக்‌ஷன் நம் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமானது. கிளைக்கு டபுள் பேரலே வேண்டும் என்றால் 28 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். இருக்கிற நீளக் குழலை அறுத்துக் குட்டையாக்கலாமே என்று யாராவது பட்டறை யோசனை சொன்னால் கேட்காதீர்கள். தனி லைசென்ஸ் இல்லாமல் குழலைக் குறைப்பது பிரிவு 6இன்படி குற்றம்.

பம்ப் ஆக்‌ஷனுக்கும் ஒரு வியாதி உண்டு. பதற்றத்தில் முன்கட்டையைக் கடைசிவரை இழுக்காமல் பாதியிலேயே தள்ளிவிடுவார்கள். காலித் தோட்டா வெளியே விழாது, புதியது உள்ளே போகாது, துப்பாக்கி வெறும் கட்டையாகிவிடும். இது ஆயுதத்தின் குறை இல்லை, பழக்கக் குறை. டம்மி தோட்டா போட்டுத் தினம் இருபது முறை இழுத்துப் பழகினால் ஒரு மாதத்தில் போய்விடும். அந்த இருபது முறைக்கு இடம் கொடுக்காத ஏஜென்சி டபுள் பேரலோடு நின்றுகொள்வது நல்லது. அதில் இரண்டே தோட்டாதான், ஆனால் ஒன்று வெடிக்காவிட்டால் மற்றொன்று இருக்கும்.

பழைய டபுள் பேரலை ஏற்றுக்கொள்ளும் முன் ஒருமுறை இப்படிப் பாருங்கள். தோட்டா இல்லை என்று இரண்டு பேர் கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகு, முன்கட்டையைக் கழற்றிவிட்டு, குழலை மூடிய நிலையில் பிடியை ஒரு கையிலும் குழலை மறு கையிலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கடகடவென்று அசைந்தால் கீல் ஆணி தேய்ந்துவிட்டது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, குழலின் பின்முனைக்கும் அது உட்காரும் முகப்புக்கும் நடுவே கீற்றாக ஒளி தெரிந்தால் அந்தத் துப்பாக்கி சுடுவதற்கு இல்லை. குழலுக்குள் பார்க்கும்போது வளையமாக ஒரு நிழல் தெரிந்தால் அது வீக்கம், என்றைக்கோ அடைப்போடு சுட்டிருக்கிறார்கள். அடுத்து டம்மி போட்டு, சுத்தியல் ஏறிய நிலையில் சேஃப்டியை எடுத்துவிட்டு, குழலை மேலே நோக்கி நிறுத்தி, டிரிகரில் ஒன்றரை கிலோ எடையைத் தொங்கவிடுங்கள். சுத்தியல் விழக் கூடாது. அப்படியே பின்கட்டையின் அடியில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டுங்கள். அப்போதும் விழக் கூடாது. பெரும்பாலான டபுள் பேரலில் சேஃப்டி டிரிகரை மட்டுமே பூட்டும், உள்ளே சுத்தியலைப் பிடித்திருக்கும் கொக்கியைப் பூட்டாது. அந்தக் கொக்கி தேய்ந்திருந்தால், சேஃப்டி போட்டிருந்தாலும், துப்பாக்கி சாய்ந்து விழுகிற அதிர்ச்சிக்கே வெடிக்கும். தோட்டா போடாமல் டிரிகரை 'டக் டக்' என்று தட்டிப் பார்க்கிற பழக்கம் பழைய துப்பாக்கியின் ஊசியை உடைக்கும், டம்மி இல்லாமல் யாரும் டிரிகரைத் தொட வேண்டாம்.

இனித் தோட்டா. துப்பாக்கிக்கு இவ்வளவு பார்க்கிறவர்கள்கூட இதில் கோட்டை விடுகிறார்கள். பழைய குழல்கள் சிலவற்றில் தோட்டா உட்காரும் அறை 65 மில்லிமீட்டர். இன்றைய தோட்டா பெரும்பாலும் 70. அதுவும் உள்ளே நுழையும், அதனால் சரி என்று நினைப்பார்கள். சுடும்போது தோட்டாவின் மடிப்பு விரிய இடமில்லாமல் குழல் குறுகும் இடத்தில் போய் முட்டி, அழுத்தம் எகிறும். குழலின் அடியில் பொறித்திருக்கும் எண்ணைப் படித்துவிட்டு வாங்குங்கள். காகித உறைத் தோட்டா ஐப்பசி ஈரத்தில் உப்பும், அறைக்குள் பாதியில் நிற்கும். பிளாஸ்டிக் உறைதான் வேண்டும். பெல்ட்டிலேயே மாதக்கணக்கில் கிடக்கும் தோட்டாவில் வியர்வையும் தோலின் பதமும் சேர்ந்து பித்தளை பச்சை பிடிக்கும், ஆகவே வாரம் ஒருமுறை துடைத்து இடம் மாற்ற வேண்டும். இரண்டு ஆண்டு ஆனதைப் பயிற்சிக்குத் தள்ளிவிட்டுப் புதியது வாங்குங்கள்.

தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகளான ரவைக்கு எல்.ஜி., எஸ்.ஜி. என்று அளவுப் பெயர்கள் உண்டு; ஒரு அவுன்ஸுக்கு எல்.ஜி. ஆறு, எஸ்.ஜி. எட்டு என்பது பழைய கணக்கு. ஒவ்வொரு ரவையும் தனிக் குண்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். 12 போர் என்றால் குறி பார்க்கவே வேண்டாம், எல்லாம் விரிந்து போகும் என்ற நம்பிக்கை இங்கே ஆழமாக இருக்கிறது. தவறு. ஐந்து மீட்டரில் மொத்த ரவையும் ஒரு கைப்பிடிக்குள் போகும், குறி தவறினால் முழுதும் தவறும். இருபது மீட்டரில் ஒன்றிரண்டு ரவை ஆளை விட்டு விலகி வேறு யாரையோ தேடிப் போகும். ஆகவே சுடுதளத்தில் செய்தித்தாளை விரித்து ஒட்டி, அதே துப்பாக்கி, அதே தோட்டாவோடு 5, 10, 15 மீட்டரில் சுட்டுப் பாருங்கள். எந்தத் தூரம்வரை எல்லா ரவையும் ஒரு நெஞ்சகலத்துக்குள் நிற்கிறதோ அதுதான் அந்தக் காவலரின் எல்லை. டபுள் பேரலில் இரண்டு குழலுக்கும் சோக் (குழல் முனையின் குறுக்கம்) வேறு என்பதால் இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். கிளைக்குள் எஸ்.ஜி. போதும். ஒற்றைக் குண்டுத் தோட்டாவை ஊருக்குள் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இவ்வளவும் சரியாக வாங்கி, கடைசியில் காவலரைத் தவறான இடத்தில் உட்கார வைத்தால் பயனில்லை. நுழைவாயிலை ஒட்டி ஸ்டூல் போடுவது வழக்கம். உள்ளே வருகிறவன் கையை நீட்டினால் குழலைப் பிடித்துவிடலாம். 2021 ஜனவரி 22இல் ஓசூர் பாகலூர் சாலையில் நகைக்கடன் கிளைக்குள் துப்பாக்கியோடு புகுந்து சுமார் 25 கிலோ நகையை அள்ளிக்கொண்டு போனார்கள், மறுநாளே ஹைதராபாத்தில் பிடிபட்டார்கள். உள்ளே வருகிறவனிடமும் துப்பாக்கி இருக்கலாம் என்பதை அதற்குப் பிறகும் கணக்கில் எடுக்காமல் இடம் ஒதுக்கினால் என்ன சொல்வது. காவலரின் இடம் வாசலிலிருந்து நாலைந்து மீட்டர் தள்ளி, முதுகுக்குச் செங்கல் சுவர், முன்னே இடுப்பளவு மறைப்பு, கதவு முழுதாகக் கண்ணில் படும்படி. அங்கே நின்று பார்த்தால் எந்தக் கோணத்தில் கண்ணாடிக்கு அப்பால் பேருந்து நிறுத்தம், எந்தக் கோணத்தில் கேஷியர், எந்தக் கோணத்தில் வெறும் சுவர் என்று தெரியும். சுவர் உள்ள கோணத்தை மட்டும் காவலர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும், மற்றவற்றில் சுடக் கூடாது. டீ வாங்கி வா, டோக்கன் கொடு என்று துப்பாக்கிக்காரரை அனுப்பும் கிளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்றும் தோன்றுகிறது.

கேஷ் வேனுக்கு 2018இல் உள்துறை அமைச்சகம் வெளியிட்ட விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. ஒரு வேனுக்கு இரண்டு ஆயுதக் காவலர், ஒருவர் முன்னே டிரைவரோடு, மற்றவர் பின்னே. சாப்பாடு, டீ, சிறுநீர் எதற்கு நிறுத்தினாலும் ஒரு ஆயுதக் காவலராவது வேனோடு இருக்க வேண்டும். ஒரு நடைக்கு ஐந்து கோடிக்கு மேல் கூடாது. நகரத்தில் இரவு 9க்குப் பிறகும் கிராமத்தில் மாலை 6க்குப் பிறகும் ஏ.டி.எம்.மில் பணம் வைக்கக் கூடாது. பென்னாகரம், தளி, அஞ்செட்டி வழித்தடத்தில் இந்த ஆறு மணியை எத்தனை வண்டி மதிக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

ஓசூர் வேன்களுக்குத் தனியாக ஒன்று. லைசென்சில் செல்லுபடியாகும் பகுதி தமிழ்நாடு மட்டும் என்றிருந்தால், ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்ததும் அந்தத் துப்பாக்கி லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. கிருஷ்ணகிரியிலிருந்து குப்பம் பக்கம் போனாலும் இதே கதை. பகுதியை விரிவுபடுத்த முன்கூட்டியே மனு கொடுங்கள். தேர்தல் அறிவிப்பு வந்ததும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். வங்கிக் காவலுக்கு விலக்குக் கேட்கும் கடிதம் மேலாளர் கையெழுத்தோடு அதற்கு முன்பே போக வேண்டும். இல்லாவிட்டால் அந்த வாரங்களில் காவலர் லத்தியோடு நிற்பார்.

எப்போது சுடலாம் என்பதை எழுத்தில் கொடுங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 34 முதல் 44 வரை தற்காப்பு உரிமை. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்பது பிரிவு 37. பையோடு பைக்கில் பறக்கிறவனின் முதுகைப் பார்த்துச் சந்தைத் தெருவில் சுடுவதை நாங்கள் யாருக்கும் கற்றுத்தருவதில்லை, நீங்களும் எதிர்பார்க்காதீர்கள். நகை இன்சூரன்சில் இருக்கிறது.

கடைசியாகப் பணம். ஒரு காவலருக்கு ஆறு மாதத்துக்குப் பத்துத் தோட்டா, ரைபிள் கிளப்பிலோ அனுமதி பெற்ற சுடுதளத்திலோ ஒரு நாள். அந்த நாளின் சம்பளம், போக்குவரத்து, தோட்டா மூன்றும் நிறுவனத்தின் செலவு. சுட்ட காலித் தோட்டாவை எண்ணி, தேதியும் துப்பாக்கி எண்ணும் போட்டுப் பதிவேட்டில் எழுதி, காவலரும் மேலாளரும் கையெழுத்திட வேண்டும். அடுத்த ஒப்பந்தம் போடும்போது இந்தப் பதிவேட்டை ஏஜென்சியிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். காட்ட முடியாத ஏஜென்சிக்கு, எவ்வளவு குறைந்த விலை சொன்னாலும், கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படைவீரர்கள் சிலர்,
கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள்