நகர் நடைப்பயிற்சி சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை 2024-25

எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் விழா, கொடியேத்தம், கண் முகாம் எல்லாம் வழக்கம்போல நடந்துச்சு. அக்டோபர் 1 முதியோர் தினத்துக்கு டாக்டர் வந்தார், வாரத்துக்கு 150 நிமிஷமாவது நடக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, 65 தாண்டினவங்க கீழ விழாம இருக்க வாரம் மூணு நாள் பேலன்ஸ் பயிற்சியும் பண்ணணும்னார். கை தட்டுனோம், சுண்டல் சாப்பிட்டோம், மறுநாள் பார்க்ல பாத்தா வழக்கமா வர்ற அதே முகங்கதான்.

நடந்தா நல்லதுன்னு தெரியாம யாரும் வீட்ல உக்காரல. வராதவங்கள நானே போய் கேட்டேன். காலைல நீர் மாத்திரை போட்டா பாதி வழியில முட்டிக்கிட்டு வருது, பார்க் டாய்லெட் பூட்டியே கிடக்கு. தெருமுனைல நாய். நடைபாதை 1.8 மீட்டராவது இருக்கணும், திட்டு 15 செ.மீ.க்கு மேல உசரக்கூடாதுன்னு ரோடுக்கு விதி எழுதுற ஐ.ஆர்.சி. (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்) 2012லயே எழுதி வச்சாச்சு, நம்ம தெருவுல ஏறணும்னா ஒருத்தர் தோள் வேணும். லேடீஸ்க்கு பேரப்பிள்ளைய ஸ்கூல் வேன் ஏத்துற நேரமும் நம்ம நேரமும் ஒண்ணா போச்சு.

முட்டி வலிக்காரங்களுக்கு நடுவுல உக்கார இடமும் இல்ல. அதனாலதான் பெஞ்ச் போடணும்னு ஒத்தக்கால்ல நின்னேன். கமிட்டியிலயே "வாக்கிங் சங்கத்துக்கு எதுக்குய்யா பெஞ்ச், உக்கார்றதுக்கா"ன்னு சிரிச்சாங்க. 2023ல அரசாங்கம் மாவட்டத்துக்கு ஒண்ணுன்னு 8 கி.மீ. நடைபாதை அறிவிச்சுது, நல்ல விஷயம்தான், ஆனா முட்டி தேஞ்சவங்களுக்கு அடுத்து உக்கார இடம் எங்கங்கறதுதான் கணக்கு. நம்ம ரிட்டயர்டு டீச்சரம்மா டிரான்ஸ்பார்மர் வரைக்கும் வந்து திரும்பிருவாங்க, அங்க ஒரு திண்ணை இருக்கு, அத தாண்டினா ஒண்ணுமில்ல. இப்ப ரெண்டாவது பெஞ்ச்ல செருப்ப கழட்டி முட்டிய நீவி விட்டுட்டு முழு ரவுண்டும் வர்றாங்க, கூட பக்கத்து வீட்டு அம்மாவையும் கூட்டிட்டு வர்றாங்க. சிரிச்ச ஆளுங்க அதே பெஞ்ச்ல பேப்பர் படிக்கிறாங்க, படிக்கட்டும்.

வரவு செலவ பொருளாளர் படிப்பார், ஏறக்குறைய சரியா வருது. பெஞ்ச் கடைக்காரருக்கு கொஞ்சம் பாக்கி, தற்சமயம் என் கைலருந்து போயிருக்கு. சந்தா வருஷத்துக்கு 300 ரூபாதான், அதுலயும் பாதிப்பேர் தரல. நியூ இயர் வாழ்த்து மட்டும் குரூப்ல முதல்ல அவங்ககிட்டருந்துதான் வருது. மூணு மீட்டிங் கோரத்துக்கு வேண்டிய ஆள் வராம கலைஞ்சுது, பேர் சொல்ல விரும்பல.

தலைவர், பொருளாளர், டீ சப்ளை பண்ண தம்பி, மைக் செட் குடுத்தவர் எல்லாருக்கும் நன்றி.

வர்ற வருஷம் கேட்ல கைப்பிடிக் கம்பி போடணும், லேடீஸ்க்கு சாயந்தரம் தனி பேட்ச் வைக்கணும். டாய்லெட் சாவி பேசி வாங்கிட்டேன், விடிகாலைல போய் திறக்க ஆள் வேணும், இப்போதைக்கு நான்தான். செயலாளர் பொறுப்ப வேற யாராவது எடுத்துக்கறதா இருந்தா சாவியோட சந்தோஷமா குடுத்துர்றேன். ஜிபே நம்பர் குரூப்ல பின் பண்ணிருக்கு.

இப்படிக்கு,
செயலாளர்