கண்ணை மூடிக் கேட்ட படங்கள்

தென்காசி
14.6.2024

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. உடனே பதில் எழுத முடியாமல் போனதற்கு என் வலது கண்தான் காரணம். கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் பத்து நாட்களுக்குத் தொலைக்காட்சிப் பக்கமே திரும்பக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. மருத்துவர் விதித்த பத்தியத்தைவிட என் மனைவி விதித்தது கடுமையானது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. விடுமுறைக்கு வந்திருந்த பேரன்தான் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். நான் கேட்கும் பழைய படத்தை அவன் கைப்பேசியில் ஓடவிட்டுப் பார்ப்பான். நான் பக்கத்தில் கண்ணை மூடிப் படுத்துக் கேட்பேன். நடிப்பைப் பற்றி நீ கிளப்பியிருக்கும் பழைய வழக்குக்குப் பதில் அந்தப் பத்து நாட்களில்தான் எனக்குக் கிடைத்தது.

சிவாஜி எதையும் மிகையாகச் செய்பவர் என்று விடுதி நாட்களிலிருந்து நீ சொல்லிவருவதை இந்தக் கடிதத்திலும் எழுதியிருக்கிறாய். சில படங்களுக்கு அது பொருந்தும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1985இல் வந்த ‘முதல் மரியாதை’யை ஒருமுறை கண்ணை மூடிக் கேட்டுப் பார். மனோகராவாகவும் கட்டபொம்மனாகவும் முழங்கிய அதே தொண்டையிலிருந்து, குயில் என்ற பெண்ணிடம் பேசும்போது, பக்கத்துத் திண்ணையில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரல் ஒன்று வருகிறது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே அவர் விடும் இடைவெளிதான் மலைச்சாமி என்ற மனிதனை எனக்குக் காட்டியது. அதே படத்தில் இன்னொன்றும் நேர்ந்தது. குயிலாக நடித்த ராதாவின் முகத்தைப் பார்த்தபடி இத்தனை ஆண்டுகள் நான் கேட்டுவந்த குரல் ராதிகாவுடையது என்பது செய்தியாக எனக்குத் தெரியும். முகம் மறைந்த பிறகுதான் காது அதை அடையாளம் கண்டது. குயிலுக்காக நாம் யாரைப் பாராட்டிக்கொண்டிருந்தோம் என்று அன்று இரவு வெகுநேரம் யோசித்தேன். பாதிப் பாராட்டையாவது ராதிகாவுக்கு அனுப்ப வேண்டும் என்பது என் தீர்ப்பு.

அடுத்து ‘காதலிக்க நேரமில்லை’. படம் எடுக்கத் துடிக்கும் செல்லப்பாவாகிய நாகேஷ், தந்தையாக வரும் டி.எஸ்.பாலையாவை உட்காரவைத்துப் பேய்க்கதை சொல்லும் காட்சி உனக்கு மனப்பாடமாக இருக்கும். காதால் மட்டும் கேட்டபோது அது முழுக்க நாகேஷின் காட்சியாகவே இருந்தது. கதவின் கிறீச்சொலி முதல் காலடி ஓசை வரை எல்லாம் அவர் வாயிலிருந்தே வருகின்றன. எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் பேரன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்த இடங்கள் வேறாக இருந்தன. நான் ஒன்றும் கேட்காத இடங்களில் அவன் சிரித்தான். கண் தெளிந்த பிறகு முதல் வேலையாக அந்தக் காட்சியைத்தான் பார்த்தேன். அவன் சிரித்தது பாலையாவின் முகத்துக்கு. கதை சொல்வது மகனாக இருந்தாலும், அந்தக் கதை நடப்பது தந்தையின் கண்களிலும் கன்னத்திலும் நாற்காலியைப் பற்றும் விரல்களிலும்தான். அவர் நம்பிப் பயப்படாவிட்டால் நாகேஷ் எழுப்பும் ஒலிகள் வெறும் மிமிக்ரியாகப் போயிருக்கும். பேசுகிறவரைக் காது கவனித்துக்கொள்ளும். கேட்கிறவரைப் பார்க்கக் கண் வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

(இதே நாகேஷ் முப்பது ஆண்டுகள் கழித்து ‘மகளிர் மட்டும்’ படத்தில் பிணமாக நடித்தார். அந்தப் படத்தைக் கண்ணை மூடிக் கேட்டால் அவர் அதில் இருப்பதே தெரியாது. பார்க்கிறவனுக்கோ அவரைத் தவிர வேறு யாரும் கண்ணில் படமாட்டார்கள்.)

நீ ‘மூன்றாம் பிறை’யின் முடிவை எழுதியிருந்ததால் அதையும் மறுபடி பார்த்தேன். ரயில் நிலையத்தில், தன்னை மறந்துவிட்ட ஸ்ரீதேவிக்கு நினைவூட்டக் கமல் தலையில் பாத்திரம் வைத்துக் குரங்காட்டம் ஆடுவது தேவைக்கு மேல் என்கிறாய். எனக்கும் முன்பு அந்த எண்ணம் இருந்தது, இப்போது இல்லை. அவரை யாரோ ஒரு பைத்தியக்காரன் என்று நினைத்து, எந்த நினைவும் கலையாத முகத்தோடு உட்கார்ந்திருக்கும் ஸ்ரீதேவியைப் பார். அந்த முகத்தில் ஒரு துளி சந்தேகம் எட்டிப்பார்த்திருந்தால்கூடக் கமலின் ஆட்டம் நீ சொல்வதுபோல மிகையாகத்தான் ஆகியிருக்கும். தேசிய விருது கமலுக்குப் போனது சரிதான். ஆனால் அதைத் தாங்கிப் பிடித்தவர் ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர்.

‘வீடு’ படத்தை நீ இன்னும் பார்க்கவில்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. 1988இல் வந்த பாலு மகேந்திராவின் படம். அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது. எனக்கு அதில் மறக்காதவர் தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர். பாதி எழும்பி நிற்கும் வீட்டைப் பார்க்க அந்த முதியவர் தனியாகப் போகிறார், சுவர்களைத் தொட்டுப் பார்க்கிறார், ஒவ்வோர் அறையாகச் சுற்றி வருகிறார். பேச்சே இல்லை. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாடிப் பேசப் பழகிய நாடகத் தலைமுறையைச் சேர்ந்தவர், சிமெண்டு பூசாத ஒரு செங்கல் சுவர் முன்னால் வாய் திறக்காமல் நின்று, அந்த வீட்டுக்காகப் பட்ட பாட்டையெல்லாம் நமக்குச் சொல்லிவிடுகிறார். எங்கள் வீடு பாதியில் நின்றுபோன அந்த மழைக்காலத்தில் என் அப்பாவும் இப்படித்தான் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். அதனால் எனக்கு இது கூடுதலாகப் பட்டிருக்கலாம்.

புதியவர்களைப் பற்றி நான் எதுவும் எழுதுவதில்லை என்று குறைப்பட்டிருந்தாய். ‘ஆடுகளம்’ படத்தின் பேட்டைக்காரன் எனக்கும் பிடித்தவர்தான். ஆனால் அங்கேயும் அந்த வேடத்தில் நடித்த ஜெயபாலனின் கண்களுக்கு ராதாரவியின் குரல் சேர்ந்திருப்பதால், குயிலின் கணக்கையே அங்கும் போட வேண்டியிருக்கிறது.

இங்கே சாரல் தொடங்கிவிட்டது. நீயும் தங்கையும் ஆனி முடிவதற்குள் ஒரு வாரம் வந்து இருங்கள். வருவதற்கு முன்பு பாலையாவின் அந்தக் காட்சியை ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டும், ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டும் பார்த்து வை. சண்டையை இங்கே வைத்துக்கொள்வோம். சொட்டு மருந்து போடும் நேரம் தவறிவிட்டதென்று உள்ளேயிருந்து குரல் வருகிறது, நிறுத்துகிறேன்.

இப்படிக்கு,
உன் பழைய அறை நண்பன்