பத்து லட்சம் பற்றி

அன்புள்ள கண்ணுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கால்வலி பரவாயில்லை. சின்னவன் ஃபிரிட்ஜ் வாங்கிப் போட்டிருக்கிறான். அம்மிச்சி வழக்கம்போல உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. போனையே எடுக்காதவளுக்கு லெட்டர் எதற்கு என்கிறாள் அம்மா. படிப்பது உன் தொழில், எப்படியும் படித்துவிடுவாய் என்று எழுதுகிறேன்.

பெரிய மாமாவின் சம்பந்தி வந்திருந்தார், காலேஜ் நடத்துகிறாரே, அந்தக் காலேஜ்காரர். நீயும் கூட இருக்கிற பிள்ளைகளும் நடத்துகிற செய்தித் தளத்தை விடாமல் பார்க்கிறாராம், பத்து லட்சம் போடத் தயார், ஒரு வார்த்தை திருப்பிக் கேட்க மாட்டேன் என்றார். மாமாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. பாப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். வாங்காதே கண்ணு.

அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. காலமெல்லாம் கூலித்தறி ஓட்டியவன் சொல்கிறேன், பாவும் ஊடையும், அதாவது நெய்கிற நூல் மொத்தமும், கொடுக்கிற ஆள் ஒருத்தரே என்றால் அவர் நம்மை மிரட்டவே வேண்டியதில்லை, அடுத்த பாவு ரெண்டு நாள் தாமதமானால் போதும், நாமே போய் அவர் வாசலில் நிற்போம். நாளைக்கு யாரோ ஒரு அப்பா அந்தக் காலேஜின் ஃபீஸ் ரசீதைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வருவார், உங்களில் ஒருத்தருக்கு இதை அடுத்த வாரம் பார்க்கலாமே என்று தோன்றும். காலேஜ்காரர் போன்கூடச் செய்திருக்க மாட்டார்.

இது உனக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? முன்னால் இருந்த பேப்பர் வேலையில் தீபாவளி மலருக்கு விளம்பரம் பிடிக்கச் சொல்லி உன்னை அனுப்பினார்களே, நிருபருக்கு டார்கெட் வைத்து! நீ சோமனூர் முதல் பல்லடம் வரை ஜவுளிக்காரர் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாய். பேசி ஒப்புக்கொண்ட கூலியை அவர்கள் தரவில்லை என்று 2022 ஜனவரியில் நாங்கள் தறியை நிறுத்தியபோது, நீ எழுதிக் கொடுத்த முழுப் பக்கச் செய்தி உள்பக்கத்தில் ஒரு மூலையில் வந்தது. எடிட்டரைத் திட்டிவிட்டு நீ அழுதாய். எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. பேப்பர் விற்கிற காசு அச்சுக் கூலிக்கே காணாது, விளம்பரம்தான் ஓட்டுகிறது, அந்த விளம்பரத்திலும் நிறைய இப்போது கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போய்விட்டது, மிச்சம் இருக்கிற நாலு விளம்பரக்காரரை அவர் எப்படிப் பகைத்துக்கொள்வார்?

அதனால் படிக்கிறவர்களிடம் கேள். நம் வீட்டில் யாரிடமும் கை நீட்டிப் பழக்கமில்லை என்கிறாய். சந்தா கேட்பது கை நீட்டுவதா? உங்கள் தளத்தில் 'ஆதரியுங்கள்' என்று அடியிலும் அடியில் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள், அதைப் படிக்க நான் கண்ணாடியை மாற்ற வேண்டியிருந்தது. மேலே போடு, பெரிதாகப் போடு. வாங்கிய பணத்தில் வக்கீலுக்கு இவ்வளவு, பஸ் செலவுக்கு இவ்வளவு, சம்பளத்துக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கணக்கும் போடு. கட்ட முடியாதவனுக்குக் கதவைச் சாத்திவிடாதே, தறி ஓட்டுகிற பையனும் படிக்க வேண்டும். நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர் சாயத்தண்ணீர் தேங்கித் தோட்டமெல்லாம் பாழானதும், 2011-ல் ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் அந்தப் பக்கத்து விவசாயிக்கு மறக்காது. செய்தியின் விலை அவனுக்குத் தெரியும். வருடத்துக்கு ஐந்நூறு ரூபாய் கேட்டால் கொடுப்பான். ஆயிரம் பேர் ஐந்நூறு கொடுத்தால் அதில் ஒருத்தன் கோபித்துக்கொண்டு போனாலும் உனக்குக் குடி முழுகாது. ஒருத்தரிடம் மொத்தமாக வாங்காதே, அவ்வளவுதான்.

ராத்திரியில் தனியாக வண்டி ஓட்டாதே. போனிலேயே சொல்லியிருப்பேன், நீ எடுப்பதில்லை. 2024 ஜனவரியில் நம் பல்லடம் பக்கத்தில் அந்த டிவி நிருபரை வெட்டினார்களே, ஆட்கள் பின்தொடர்கிறார்கள் என்று அவர் போலீசுக்கு போன் மேல் போன் போட்டும் வெட்டினார்கள். அந்த ரோட்டில்தான் நாம் கோயிலுக்குப் போவோம். கோவையில் இணையத்தில் செய்தி போட்டவரை 2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில், கைது செய்தார்கள். நூறு வருடத்தை எட்டப்போகும் நேரத்தில் விகடனின் தளத்தையே 2025 பிப்ரவரியில் ஒரு கார்ட்டூனுக்காக முடக்கினார்கள், ஹைகோர்ட் வரை போக வேண்டியிருந்தது. அவர்களுக்கு வக்கீல் இருக்கிறார். உங்களுக்கு? சந்தாப் பணத்தில் முதலில் வக்கீலுக்கு எடுத்து வை, அப்புறம் கேமரா வாங்கு. ராத்திரி வண்டி வேண்டாம்.

பயந்து பின்வாங்கு என்று சொல்லவில்லை. நம் ஈரோட்டில் 1925-ல் ஆரம்பித்த குடி அரசு பத்திரிகை 1933-ல் எழுதிய ஒரு தலையங்கத்துக்காகப் பெரியாரும் அவர் தங்கை கண்ணம்மாளும் ஜெயிலுக்குப் போனார்கள், அதை நிறுத்த வேண்டி வந்ததும் புரட்சி என்று வேறு பெயரில் பத்திரிகை வந்தது. உன் அப்பாரு தாத்தா இதை எத்தனை முறை சொல்லியிருப்பார். அவர் இருந்திருந்தால் ஊரெல்லாம் உன் பேரைச் சொல்லித் திரிந்திருப்பார். நான் அப்படிச் சொல்வதில்லை, ஆனால் நொய்யல் பற்றிய உன் வீடியோவை டீக்கடையில் யாரோ போட்டபோது, என் பெண் என்று சொல்லாமல் முழுவதும் நின்று பார்த்தேன்.

அந்த வீடியோவில் உன் கழுத்தில் செயின் இல்லை என்று அம்மா சொன்னாள். புழுக்கமாக இருந்திருக்கும், கழற்றி வைத்திருப்பாள் என்றேன். நான் கேட்கவில்லை. உனக்கும் கூட இருக்கிற பிள்ளைகளுக்கும் மாசம் சம்பளம் வருகிறதா என்றும் கேட்கவில்லை. அடகுக் கடை வட்டி எவ்வளவு என்று மட்டும் உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

நம் தறிக்காரர்களில் நாலு பேர் வருடச் சந்தா கட்டுகிறேன் என்கிறார்கள். உன் சொந்த ஜிபே நம்பருக்குப் போட மாட்டார்களாம், நிறுவனத்தின் பெயரில் பேங்க் கணக்கும் ரசீதும் வேண்டுமாம். நியாயமான கேள்விதான். பேப்பருக்கு ஜிஎஸ்டி கிடையாது, இணையச் சந்தாவுக்கு 18 சதவீதம் என்று ஆடிட்டர் சொன்னார், எவ்வளவு வரவுக்கு மேல் கட்ட வேண்டும் என்று விசாரித்துக்கொள். கணக்கு விவரத்தைச் சின்னவனுக்கு அனுப்பு, அவன் எல்லோருக்கும் போட்டுக் கொடுப்பான். காலேஜ்காரருக்கும் ஒரு ஐந்நூறு ரூபாய்ச் சந்தா எழுதி வாங்கித் தருகிறேன், வேண்டுமென்றால்.

அப்பா