இடாப்பில் இருந்த எல்லாருடைய பெயரும் வேண்டும்

மதிப்புக்குரிய அதிபர் அவர்களுக்கும், பழைய மாணவர் சங்கத்தாருக்கும், மலர்க் குழுவில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

2024 உயர்தர வகுப்பு மாணவர்களாகிய நாங்கள் எங்கள் நினைவு மலர் பற்றி எழுதுகிறோம். வகுப்புப் பட்டியல் வரும் பக்கத்தில் தரம் 13 முடிவில் வரும் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றியவர்களின் பெயர் மட்டும்தான் போடப்படும் என்று சொல்லியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை மாற்றுங்கள். தரம் 10 இடாப்பில், அதாவது வரவுப் பதிவேட்டில், இருந்த எல்லாருடைய பெயரும் அந்தப் பக்கத்தில் வர வேண்டும். பெற்றோரும் படிக்க வேண்டும் என்பதால்தான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறோம்.

தரம் 10 என்று ஏன் சொல்கிறோம் என்றால், 2020 தொடக்கத்தில்தான் எங்கள் வகுப்பு கடைசியாக முழுசாக இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது. அந்தச் சத்தத்தை வீட்டில் இருந்தே கேட்ட பிள்ளைகள் எங்கள் வகுப்பில் உண்டு. பாடசாலை திரும்பத் திறந்த நாட்களில் வாசலில் பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போவோம். வகுப்பில் பாதி மேசை வெறுமையாக இருக்கும். அப்போது டீச்சர்மார் ஆமர் வீதியிலும் ஜிந்துப்பிட்டியிலும் வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். பயந்துபோய் இருந்த அம்மாமாரிடம், "நான் பொறுப்பு, அனுப்புங்க" என்று சொன்னார்கள். ஒருவர் மிச்சமில்லாமல் எல்லாரும் திரும்பி வந்தோம். இந்தப் பாடசாலையை நினைத்து நாங்கள் பெருமைப்படும் முதல் விஷயம் அதுதான்.

கொரோனாவில் அது முடியாமல் போனது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடின. ஒக்டோபரில் இரண்டாவது அலை வந்தபோது மட்டக்குளி, முகத்துவாரம், புளூமெண்டல், கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனை என்று வடகொழும்பு முழுவதும் தனிமைப்படுத்தல் ஊரடங்குக்குள் போனது. எங்களில் பலரின் வீடு தோட்டம் என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளில்தான் இருக்கிறது. ஒரு அறை, ஒரு போன், மூன்று பிள்ளைகள். இந்த நாட்டில் 1945 முதல் கல்வி இலவசம். பாடநூலும் சீருடைத் துணியும்கூட இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் அந்த இரண்டு வருடமும் பாடம் நடந்தது போனில். போனுக்கு ரீலோட் காசு போட்டவருக்குப் பாடம் கிடைத்தது, போட முடியாதவருக்கு இல்லை.

எங்கள் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். பெயரை இங்கே எழுதவில்லை, மலரில் எழுதுங்கள். வீட்டில் இருந்த ஒரே போனை அவளுடைய அம்மா வேலைக்குக் கொண்டு போய்விடுவார். இரவு அவர் திரும்பிய பிறகுதான் வட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவுகளை அவள் கேட்பாள். கேட்டு, கொப்பியில் அழகாக எழுதி, படம் எடுத்து வகுப்புக் குழுவில் போட்டுவிடுவாள். காலையில் எழும்பும்போது அது வந்திருக்கும். தலைப்புக்குச் சிவப்புப் பேனையில் அடிக்கோடு, வரைபடத்துக்குப் பென்சில். சேர் சொன்னது தெளிவில்லாத இடத்தில், "இது சரியாக் கேக்கல்ல, கேட்டு எழுதவும்" என்று ஒரு சின்னக் குறிப்பு. தரம் 11 முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சைக்கு விஞ்ஞானத்தை நாங்கள் அந்தக் கொப்பியில்தான் படித்தோம். அப்பாவுக்கு வேலை போய், 2022 நடுவில் குடும்பமே மலையகத்து மஸ்கெலியாவுக்குத் திரும்பியது. அவள் உயர்தரம் படிக்கவில்லை. அவளுடைய நோட்ஸைப் படித்த நாங்கள் படித்தோம்.

2022 பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை, எல்லாரும் பட்டதுதான். மார்ச்சில் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைக்கு வினாத்தாள் அச்சடிக்கக் காகிதம் இல்லை. மாத முடிவில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. 2021 டிசம்பரில் எழுதியிருக்க வேண்டிய சாதாரண தரப் பரீட்சையை நாங்கள் 2022 மேயில் எழுதினோம். அது முடிந்து சில வாரங்களில் பெற்றோல், டீசல் இல்லாமல் கொழும்புப் பாடசாலைகள் மறுபடி மூடப்பட்டன.

இனி வருவதுதான் நாங்கள் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. பெறுபேறு வந்தது நவம்பர் கடைசியில். மேயில் பரீட்சை, நவம்பரில் பெறுபேறு. சாமான் விலை தலைக்கு மேல் ஏறிய அந்த ஆறு மாதத்தில்தான் எங்கள் வகுப்பு கரைந்தது. யாரும் பாடசாலையை விடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. "றிசல்ட் வரும் வரைக்கும் சும்மா இருக்காம கடையில நில்லு" என்று வீட்டில் சொன்னார்கள். சம்பளம் வரத் தொடங்கியது. அந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. அப்புறம் நல்ல பெறுபேறு வந்தாலும் எப்படித் திரும்புவது? சிலர் பத்தரமுல்லையில் பாஸ்போட் வரிசையில் நின்று வெளிநாடு போனார்கள். ஒரு தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு நின்றுவிட்டவளும் உண்டு. 2019இல் வீடு தேடி வந்ததுபோல அந்த ஆறு மாதத்தில் யாரும் வரவில்லை. டீச்சர்மாருக்கே பஸ் இல்லாத காலம் அது, அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் போனவர்களைப் படிக்க விருப்பமில்லாதவர்கள் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னது எங்களுக்கு மிகவும் வலித்தது.

அப்படிப் போன ஒருவன் இன்றைக்கும் புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறான். கணக்கில் கெட்டிக்காரன். காகிதத் தட்டுப்பாட்டு நேரம், கடையில் கழித்துப் போட்ட பழைய பில் தாள்களை முதலாளியிடம் கேட்டு வாங்கி, கட்டாகக் கட்டி பஸ்ஸில் கொண்டு வந்து கொடுத்தான். ஒரு பக்கம் யாரோ வாங்கிய சீத்தைத் துணியின் கணக்கு, மறுபக்கம் எங்கள் கணக்கீட்டுப் பயிற்சி. நாங்கள் ஐந்தொகை சமப்படுத்தப் பழகியது அந்தத் தாள்களில். அவன் உயர்தர வகுப்பில் ஒரு நாளும் உட்காரவில்லை. கடந்தகால வினாத்தாள்களைப் போட்டோகொப்பி அடித்துத் தந்ததும் அவன்தான், காசு கேட்டதே இல்லை. எங்கள் வகுப்புப் பட்டியலில் அவன் பெயர் இல்லையென்றால் அது எந்த வகுப்பின் பட்டியல்?

உயர்தரமும் சும்மா போகவில்லை. 2024 நவம்பர் 25 பரீட்சை தொடங்கியது, இரண்டாம் நாளோடு மழை வெள்ளத்தால் நின்றது, டிசம்பர் 4 திரும்பத் தொடங்கியது. அந்த இடைவெளியில் எங்களைத் தினமும் போனில் கூப்பிட்டு, "படிக்கிறியா, சாப்பிட்டியா" என்று கேட்டவர்களில் இடையில் படிப்பை விட்டுப் போன எங்கள் வகுப்புத் தோழர்களும் இருந்தார்கள். பெறுபேறு வந்த வாரமே மூன்று ஏ எடுத்தவர்களின் படத்தோடு வாசலில் பதாகை ஏறியது. அந்தப் படத்தில் இருப்பவர்களும் இந்த மடலில் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

பட்டியலைத் தவிர வேறு சில வேண்டுகோள்களும் உண்டு. வகுப்புப் படம் எடுக்கும் நாளை வெள்ளிக்கிழமைக்கு வைத்திருக்கிறீர்கள். புறக்கோட்டைக் கடைகளில் நிற்பவர்களுக்கு ஞாயிறும் போயா என்ற பௌர்ணமி நாளும்தான் லீவு. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினால் அவர்களும் வருவார்கள். சீருடை இல்லாமல் வந்தால் வாசலில் மறிக்க வேண்டாம் என்று காவலாளி அண்ணாவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வசதிக் கட்டணம் பாக்கி என்று, பாடசாலையை விடும்போது தரும் விடுகைப் பத்திரம் கிடைக்காமல் சிலர் இருக்கிறார்கள். அதில் ஒருவர் தொழிற்பயிற்சியில் சேர அலைந்துகொண்டிருக்கிறார். அந்தப் பாக்கியை எங்கள் பெட்ச் சேர்ந்து கட்டிவிடும், பத்திரத்தைக் கொடுத்துவிடுங்கள். அடுத்ததாகச் சாதாரண தரம் எழுதும் தம்பி தங்கச்சிமாரை, பரீட்சை முடிந்த நாளில் இருந்து பெறுபேறு வரும்வரை மாதம் ஒரு தடவையாவது பாடசாலைக்குக் கூப்பிடுங்கள். வராத பிள்ளையின் வீட்டுக்கு யாராவது போக வேண்டும். ஆசிரியர்களுக்கு நேரமில்லையென்றால் நாங்கள் போகிறோம். பழைய மாணவர் சங்கத்தில் சேர்ந்தவுடன் எங்களுக்குத் தரும் முதல் வேலையாக அது இருக்கட்டும்.

தரம் 10 இடாப்பில் இருந்தபடி, முதலெழுத்துகளோடு, பட்டியலை அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். இரண்டு பேருடைய போன் இலக்கம் மாறிவிட்டது, அவர்களைப் பிடிக்க முடியவில்லை. அவர்களுடைய பெயரையும் சேர்த்தே அச்சடியுங்கள்.

இப்படிக்கு,
2024 உயர்தர வகுப்பு மாணவர்கள்,
கொழும்பு 13.